அயலூரில் ஓர் உபாத்தியாயர்

உத்தியோகத்தின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டுப் பிரிந்து வாழ்வதை நம் ஜனங்கள் ஒரு துர்ப்பாக்கியமாகவே கருதி வந்திருக்கின்றனர். "எந்த ஊரில் வேலை?" என்று கேட்டு, விடை தூரத்து ஊராக இருந்துவிட்டால், "ஐயோ, அவ்வளவு தூரமா?" என்று இரங்குவது நம்மிடையே ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. கால் காசானாலும் கவர்ன்மெண்டுக் காசு வேண்டும். ஆனால் அந்தக் காசு நம் வீட்டுத் திண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடைக்க வேண்டும்! இதுவே பலருடைய பிரார்த்தனை. சர்க்காரும் இந்த எண்ணத்துக்கு உரமிட்டே வந்திருக்கிறது. வேண்டாதவரைத் தூரத்து ஊருக்கு அனுப்புவதும், வேண்டியவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதும் நம் நாட்டில் யாவரும் அறிந்த வழக்கம். ஆகவே "தூரம்" என்ற சொல்லுக்கே "தண்டனை" என்ற பொருள் ஏறிவிட்டது.

மற்ற உத்தியோகங்களைப் பற்றி நாம் இங்கே பேச வரவில்லை. ஆனால் உபாத்தியாயர் தொழிலைப் பொறுத்தவரையில் இந்த எண்ணம் முற்றும் சரியன்று என்பதே நம் கருத்து. அயலூரில் இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாழ்வில், துன்பங்களோடு துன்பங்களாக, நாள்தோறும் சில சிறு இன்பங்களும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவற்றை அனுபவிக்கிறவர்களும் வெளியே சொல்வதில்லை. சொன்னால், "அப்படியானால் அங்கேயே இரும்" என்று சர்க்கார் சொல்லிவிடுமோ என்ற அச்சம்! ஆயினும் கடற்கரைக் குப்பங்களிலும் ஆற்றோரக் கிராமங்களிலும் உள்ள பள்ளிக்கூடங்கள் நல்லபடி நடப்பதும் நடவாததும் பெரிதும் இந்தச் சிறு இன்பங்களையே பொறுத்திருப்பதால், இவற்றை எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

சிதறிய நான்கு ஊர்கள்

காரைக்கால் பிரதேசத்தின் வடபாகத்தில், கடலை ஒட்டி, கோட்டுச்சேரிமேடு என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. மேற்கே காவிரிப் பாசனத்தில் விளையும் நெல்வயல்கள். கிழக்கே வங்கக் கடல். இடையிலே மணலும் தென்னையும் வலையும் படகும். காரைக்கால் பிரதேசம் முழுவதுமே சுமார் 160 சதுர கிலோமீட்டர் தான். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே சுமார் 2 லட்சம் ஜனங்கள் வசித்தனர். படித்தவர் தொகை நூற்றுக்கு 87. சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் இருக்க, இந்தச் சிறு துண்டு மட்டும் சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால் வடக்கே உள்ள புதுச்சேரியிலிருந்து ஆளப்படுகிறது. இது சரித்திரம் செய்த விசித்திரம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு நிர்வாகம் நீங்கிற்று. 1962-இல் சட்டப்படியும் இணைப்பு நிறைவேறிற்று. ஆட்சி மாறியதேயன்றி நிர்வாகத்தின் உருவம் மாறவில்லை. வங்கக் கடலோரத்தில் புதுச்சேரியும் காரைக்காலும், கோதாவரிக் கரையில் ஏனாமும், மேலைக் கடற்கரையில் மாஹியும் ஆக நான்கு ஊர்கள் ஒரே சர்க்காரின் கீழ் இருக்கின்றன. புதுச்சேரியிலிருந்து மாஹி 600 கிலோமீட்டருக்கு மேல். ஏனாமோ 800 கிலோமீட்டருக்கு மேல்.

இந்த அமைப்பில் உத்தியோகம் பார்க்கும் உபாத்தியாயர்களுக்குத் தூரம் என்பது விலக்கன்று, விதி. புதுச்சேரிக்காரர் காரைக்காலுக்கு வருகிறார். காரைக்கால்காரர் ஏனாமுக்கோ மாஹிக்கோ போகிறார். போன இடத்தில் பேச்சு தெலுங்கு, அல்லது மலையாளம். வாழ்வின் நடுப்பகுதியில் ஒரு பெட்டியும் படுக்கையுமாகப் புறப்பட்டு, வாடகை அறை தேடி, அறியாத முகங்களின் நடுவே கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். இது இன்று நேற்று ஏற்பட்டதன்று.

நிரவிக்கு வந்த இளைஞர்

1909-ஆம் வருஷத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு பதினெட்டு வயது வாலிபர் காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் தமிழாசிரியராக வேலை ஏற்றார். 1891 ஏப்ரல் 29-ஆம் தேதி புதுச்சேரியில் பிறந்தவர். தமிழ்ப் புலவர் தேர்வில் தேறியவர். பெயர் கனக சுப்புரத்தினம். பிற்காலத்தில் தமிழுலகம் அவரைப் பாவேந்தர் பாரதிதாசன் என்று அறிந்தது. அந்நாளில் புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு வருவதென்றால், ஆங்கிலேயர் ஆண்ட பூமியைக் கடந்து, மீண்டும் பிரெஞ்சு எல்லைக்குள் நுழைய வேண்டும். 1898-லேயே பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு இருப்புப்பாதை வந்திருந்த போதிலும், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது அயல்நாட்டுப் பிரயாணமே. தாயும் தந்தையும் ஒருபுறம். ஊரும் உத்தியோகமும் மறுபுறம்.

அவர் நிரவியில் என்ன உண்டார், எங்கே தங்கினார், எந்தப் பிள்ளை அவரை முதலில் சிரிக்கவைத்தது என்பவற்றையெல்லாம் நாம் கற்பித்துக் கூற விரும்பவில்லை. ஆனால் ஒன்று வெளிப்படை. அன்று தொடங்கிய உபாத்தியாயர் வேலையை அவர் எளிதில் விட்டுவிடவில்லை. 37 வருஷ காலம் ஆசிரியராக இருந்து, 1946-இல் தான் ஓய்வு பெற்றார். இடையிலே கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருவிலே விற்றார், பத்திரிகை நடத்தினார், பாட்டும் நாடகமும் எழுதிக் குவித்தார், "சிறுவர் சிறுமியர் தேசிய கீதம்" என்று குழந்தைகளுக்கென்றே 1930-இல் ஒரு நூலும் வெளியிட்டார். கவியாகப் பெயர் பெற்ற பிறகும் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். சோற்றுக்காகத்தான் போனார் என்று சொல்லலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சோற்றுக்காக மாத்திரம் ஒருவர் 37 வருஷம் குழந்தைகளின் முன்னே நிற்க முடியாது. குழந்தைக்கும் குடியானவனுக்கும் புரியும்படி பாட வேண்டும் என்ற பிடிவாதம் அவர் கவிதையில் இருக்கிறதே, அதற்கு வகுப்பறையும் ஓரளவு காரணம் என்று நாம் ஊகிப்பது தவறாகாது. புரியாததைச் சொன்னால் பெரியவர்கள் மரியாதைக்காகத் தலையை ஆட்டுவார்கள். பிள்ளைகளோ ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். உபாத்தியாயருக்கு அதைவிடக் கண்டிப்பான விமர்சகர் வேறு யார்?

பாரதியாரும் சில காலம் உபாத்தியாயராக இருந்தவரே. 1904-இல் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதர் வேலை பார்த்து, பின் பத்திரிகைத் தொழிலுக்காகச் சென்னை சென்றார். தேசம் அவரை வேறு வேலைக்கு அழைத்துக்கொண்டது. எல்லோரும் அப்படிப் போய்விட முடியுமா? பள்ளிக்கூடங்களில் யாரேனும் தங்கியிருக்க வேண்டும் அன்றோ? தங்குகிறவர்களைத் தங்கவைப்பது எது என்பதே நம் கேள்வி.

அந்தச் சிறு இன்பங்கள்

கோட்டுச்சேரிமேடு போன்ற ஒரு கடலோரக் குப்பத்துக்குப் புதிதாக வரும் உபாத்தியாயரை எண்ணிப் பார்ப்போம். முதல் மாதம் அவருக்கு எல்லாம் குறையாகவே தோன்றும். காற்று உப்பு, தண்ணீர் உப்பு, பேச்சு வேகம். பிள்ளைகளின் பேச்சிலே பாதி விளங்காது. இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் அவர் திசைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நிற்கிறான். வடக்கேயிருந்து அடித்தால் வாடை, கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல், தெற்கேயிருந்து வீசினால் சோழகம், மேற்கே எழுந்தால் கச்சான் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தக் காற்றில் வலை போடலாம், எந்தக் காற்றில் படகை ஏற்றிவைக்க வேண்டும் என்றும் விளக்குகிறான். கணக்கில் பூஜ்யம் வாங்கும் பையன் அவன்! அந்தக் கணத்தில் வகுப்பறையில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது மாறிப்போகிறது. புத்தகத்தில் நான்கு சொற்களாகக் கிடந்த திசைகள் உயிர்பெற்று வீச ஆரம்பிக்கின்றன. சொந்த ஊரிலே வேலை பார்க்கும் உபாத்தியாயருக்கு இந்த ஆச்சரியம் எளிதில் கிடைப்பதில்லை. தம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். அயலூர்க்காரருக்கே பிள்ளைகள் புதிதாகக் கற்பிக்க முடியும்.

பிறகு கணக்குப் பாடமும் மாறுகிறது. மாம்பழக் கூடையையும் ரயில் வண்டியையும் பற்றிய கணக்கை விட்டுவிட்டு, கரையிலே நடக்கும் மீன் ஏலத்தைக் கணக்காகப் போடுகிறார். ஒரு கூடை என்ன விலைக்குப் போயிற்று, படகுக்காரர் பங்கு எவ்வளவு, எரிபொருள் செலவு போக மிச்சம் என்ன என்று கேட்டால், மூன்றாம் வகுப்புப் பெண் மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுகிறாள். தாய் தலையிலே கூடை சுமந்து விற்கப் போகும்போது உடன் சென்ற பெண் அவள். கணக்கு அவளுக்கு முன்பே வந்துவிட்டது; எழுதுகிற வழி மாத்திரமே வரவேண்டியிருந்தது. அதைக் கண்டுகொள்வதை விடப் பெரிய சந்தோஷம் ஓர் ஆசிரியருக்கு உண்டா?

உணவிலும் ஓர் இன்பம் உண்டு. புதுச்சேரிப் பிரதேசத்துப் பள்ளிகளில் மத்தியான உணவு போடும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930-இல், ஏற்பட்டதாகும். மத்தியானத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும் உபாத்தியாயர் அவர்களுடைய வீட்டு நிலைமையை அட்டவணையின்றியே அறிந்துகொள்கிறார். யார் இரண்டாம் தரம் கேட்கிறான், யார் தம்பிக்கென்று ஒதுக்கிவைக்கிறாள் என்பதிலிருந்து, எந்த வீட்டில் படகு ஓடவில்லை என்பது தெரிந்துபோகிறது. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. பிள்ளைகளின் பள்ளித் திறப்பும் அந்த முடக்கத்தின் கடைசிக் கட்டமும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. அந்நாட்களில் நோட்டுப் புத்தகம் கொண்டுவராத பிள்ளையைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்பட்டதன்று. அவ்வூரில் இருந்தவருக்கே தெரியும். தடை நீங்கிப் படகுகள் திரும்பும் முதல் நாளிலோ, "வாத்தியாரய்யா, இதை வாங்கிக்குங்க, காசெல்லாம் வேண்டாம்" என்று ஒரு தாய் வாசலிலே மீனை வைத்துவிட்டுப் போவாள். சைவரான உபாத்தியாயர் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த அன்பை அவர் யாருக்கும் கொடுத்துவிட முடியாது.

இவற்றையெல்லாம் விட மேலான இன்பம் ஒன்று உண்டு. மாதக்கணக்காக எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு நாள் காலை, யாரும் கேளாமலே, சுவரிலுள்ள விளம்பரத்தைத் தடையின்றிப் படித்துவிடுகிறது. அன்று மாலையே அதன் பாட்டி ரேஷன் கடைத் தாளையோ பாங்கிக் கடிதத்தையோ எடுத்துக்கொண்டு வந்து, "பேரனே படிச்சுட்டான் டீச்சரம்மா, சரியாத்தான் படிச்சானான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று நிற்கிறாள். தலைமுறை தலைமுறையாகப் பிறரிடம் கடிதத்தை நீட்டி நின்ற குடும்பம் அன்றோடு நிற்பதை விட்டது. இதற்குப் பரிசோ பதக்கமோ கிடையாது. ஆனால் அன்றிரவு வாடகை அறையில் தனியே சமைத்து உண்ணும் அந்த ஆசிரியைக்குத் தன் ஊர் சற்றே பக்கத்தில் வந்துவிட்டதுபோல் தோன்றும்.

மொழி கடந்து வந்தோர்

காரைக்கால் பிரதேசத்துக்கு வருகிறவர்கள் தமிழர் மாத்திரமல்லர். 1986-ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கையை ஒட்டி எழுந்த நவோதயா வித்யாலயங்களுள் ஒன்று காரைக்காலில் இருக்கிறது. அங்கே பல மாகாணத்து ஆசிரியர்கள் பிள்ளைகளுடனேயே தங்கிப் பாடம் சொல்கின்றனர். கோட்டுச்சேரிக்கு அணித்தான, திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற திருவேட்டக்குடியில், 2010-இல் தோன்றிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் நடைபெறுகிறது. அங்கும் பல மொழி பேசும் பேராசிரியர்கள் வந்து சேர்ந்திருக்கின்றனர். முன்னொரு காலத்தில் காரைக்கால் துறைமுகத்திலிருந்து ஏழைத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பல் ஏறினர். இன்று அதே கரைக்குக் கல்வி சொல்லப் பிறர் வருகின்றனர். காலத்தின் இந்த மாற்றத்தைக் கண்டு நாம் மகிழலாம்.

இவ்வாறு வருவோர்க்கு நாம் ஓர் உதாரணத்தை நினைவூட்டுவோம். ஈழத்தில் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலாநந்த அடிகள், கடல் கடந்து வந்து, 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவர் பல்கலைக் கழகத்து வகுப்போடு தம் கடமை முடிந்தது என்று கருதவில்லை; அருகே திருவேட்களத்தில் சேரிப் பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டினார். அயலூருக்குப் போன ஆசிரியர் அந்த ஊரின் மதிலுக்கு வெளியே உள்ள பிள்ளையையும் காண வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மறுபக்கம்

இத்தனையும் கூறியதனால், தூரத்து உத்தியோகத்தில் துன்பமே இல்லை என்று நாம் சாதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். ஊரிலே முதிய பெற்றோர். ஓர் ஊரில் கணவன், ஓர் ஊரில் மனைவி. குழந்தை இருவருக்கும் நடுவே. வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ்ஸிலேயே திரும்பி, திங்கட்கிழமை காலை தூங்கா விழிகளோடு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியைகள் எத்தனை பேர்! தனியே இருக்கும் பெண்ணுக்கு அறை கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. "உங்களுக்குத்தான் குழந்தைகளின் அன்பு கிடைக்கிறதே" என்று சொல்லி, இந்தக் கஷ்டங்களை யாரும் மூடி மறைக்க முற்படுவாராயின், அது அன்புக்கே அவமானம். ஆனந்தத்தைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது.

ஆனால் இதனால் நஷ்டம் யாருக்கு என்பதையும் சிந்திக்க வேண்டும். வந்த நாளிலிருந்தே மாற்றலுக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கும் உபாத்தியாயர், வாடைக்கும் கொண்டலுக்கும் பெயர் தெரிந்துகொள்ளுமுன் போய்விடுகிறார். அடுத்தவர் வருகிறார், அவரும் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். கடைசி வரிசைப் பையனோ ஒவ்வொரு வருஷமும் புதியவர் ஒருவருக்கு அந்நியனாகிறான். சிறிது காலத்தில் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான். கடலுக்குப் போக அவனுக்குக் கைகள் இருக்கின்றன. அவனைப் பள்ளியில் நிறுத்திவைக்க, அவனை அறிந்த ஒரு முகம் வேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால் கரையோரத்தில் சில நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்படிப்பட்ட பேரிடருக்குப் பின் பள்ளி திறக்கும்போது, ஆஜர்ப் பட்டியலைப் படிக்கிறவர் அந்தப் பெயர்களையும் முகங்களையும் முன்பே அறிந்தவராக இருத்தல் எத்தகைய ஆறுதல்! எந்தப் பெயரை உரக்கக் கூப்பிடக் கூடாது என்பது புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்?

செய்ய வேண்டியவை

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தூரத்து ஊரில் எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்பது போகும்போதே ஆசிரியருக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். அந்தக் கெடு பெரிய மனிதரின் சிபாரிசினால் குறையவும் கூடாது, மறதியினால் நீளவும் கூடாது. கெடு தெரிந்தவர் மனத்தை அங்கே வைப்பார். தெரியாதவர் பெட்டியைக் கட்டியபடியே இருப்பார். இரண்டாவது, கடலோரத்துப் பள்ளிக்கு அருகே ஆசிரியர்க்கென்று, சிறப்பாகப் பெண் ஆசிரியர்க்கென்று, கௌரவமான குடியிருப்பு வேண்டும். கணவன் மனைவி இருவரும் உபாத்தியாயராயின் ஒரே பிரதேசத்தில் வேலை கொடுப்பது சர்க்காருக்குப் பெரிய காரியமன்று. மூன்றாவது ஊரார் கடமை. புதிதாக வந்தவருக்குக் குடிநீர் எங்கே நன்றாயிருக்கும் என்று சொல்வதும், திருவிழாவுக்கு அழைப்பதும், வாடகையில் அநியாயம் செய்யாதிருப்பதும் ஊர்ப் பஞ்சாயத்தாரால் ஆகக்கூடியவை. இவற்றுக்குச் செலவு கிடையாது.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணுவது குற்றமன்று, எண்ணாதவர் யார்? ஆனால் அந்த நாள் வரும்வரையில், இருக்கும் ஊரின் காற்றுக்கு என்ன பெயர் என்று பிள்ளைகளைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் நீங்கள் உங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். பல வருஷம் கழித்து எங்கேனும் ஒரு பஸ் நிலையத்தில், மீசை முளைத்த வாலிபன் ஒருவன் உங்கள் பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "சார், நான் கோட்டுச்சேரிமேடு" என்பான். தன் பெயரைச் சொல்ல மாட்டான். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்பது அவன் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக இருத்தலே அயலூரில் நாம் செய்யக்கூடிய உத்தியோகம்.